யார் முதலில் கொடுப்பது

"முதலில் மாற்றிக் கொடுத்துவிடுங்கள், பார்த்த உடனே பணம் அனுப்பிவிடுகிறேன்." நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. சொன்னபடி அன்றிரவே பணத்தையும் அனுப்பிவிட்டேன். பேசிய தொகையில் ஒரு காசு குறைக்கவில்லை. ஆனாலும், எங்கள் நிறுவனத்துக்கு இணையதளம் செய்துகொடுத்த அந்த இளைஞரோடு நடந்த பேச்சு இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் கேட்டது நியாயம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். ஆமோதிக்க ஆமோதிக்க உறுத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்போது தளம் முடிந்து ஓடத் தொடங்கியிருந்தது. டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, முதல் நாளே எங்கள் நிறுவனத்தின் பெயரில், எங்கள் மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்ய வைத்துவிட்டேன். அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் தளத்தின் கோப்புகளை வைத்து அதை இணையத்தில் ஓட வைக்கும் ஹோஸ்டிங் கணக்கு அவருடையது. தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நிர்வாகிக் கணக்கும் அவரிடம் மட்டுமே இருந்தது. எங்களிடம் இருந்தது படமும் செய்தியும் ஏற்ற மட்டுமே உதவும் ஒரு கணக்கு. தொகையில் பாதியை முன்பணமாகவும், கால் பங்கை மாதிரி வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோதும் தந்திருந்தோம். கடைசிக் கால் பங்கு பாக்கி. "பணி முடிந்ததும் மீதித் தொகை" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

"மீதித் தொகை வந்ததும் ஹோஸ்டிங்கை உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன் அக்கா" என்றார்.

முதலில் மாற்றுங்கள் என்று நான் சொன்னது அதற்குப் பதிலாகத்தான்.

"பணி முடிந்ததும் என்றுதானே எழுதிக்கொண்டோம்? தளம் முடிந்துவிட்டதே அக்கா."

"எல்லாம் எங்கள் கைக்கு வந்தால்தானே பணி முடிந்ததாக அர்த்தம்?"

சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, "சரி, மாற்றித் தருகிறேன்" என்றார். அவ்வளவுதான்.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் தளத்தைச் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வசதிக்காகச் செய்தது. பிறகு அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயின. ஒரு நாள் காலையில் தளம் இல்லை. அதே பெயரில் இருந்த அலுவலக மின்னஞ்சலும் இல்லை. டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால் உடனே கைவிட்டுப் போய்விடுவதில்லை. மீட்டுக்கொள்ள 30 நாட்கள் தருகிறார்கள். அதற்குப் பிறகு 5 நாட்கள் யாரும் தொட முடியாத நிலையில் கிடக்கும். பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மீட்கும் உரிமையும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். அந்தப் பெயரை உருவாக்கியது நாங்கள், விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்தது நாங்கள் என்பதையெல்லாம் கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த மனிதரைத் தேடிப் பிடிப்பதற்குள் பெயர் போய்விட்டது. தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

அதைப் பார்த்தவளுக்குச் சாவி தன் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றாமல் எப்படி இருக்கும்? ஹோஸ்டிங் அடுத்தவர் கணக்கில் இருந்தால், அவர் சந்தா கட்டத் தவறினாலும், அவருடைய வேறொரு வாடிக்கையாளரின் தளத்தில் வைரஸ் புகுந்து கணக்கே முடக்கப்பட்டாலும் நம் தளமும் சேர்ந்து நின்றுபோகும். நிர்வாகிக் கணக்கு இல்லாமல், தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளான ப்ளக்இன் ஒன்றைக்கூடப் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்காத ப்ளக்இன்தான் வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய மிகவும் வசதியான வாசல். இவையெல்லாம் கற்பனைப் பயங்கள் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அவர் பக்கம் போய் நின்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தனியாளாக வடிவமைப்பு செய்கிறவர்களுக்கு எப்போதும் சிக்குவது கடைசித் தவணைதான். தளம் கைக்கு வந்துவிட்டால் வாடிக்கையாளரின் அவசரம் தீர்ந்துவிடுகிறது. முன்பு நாள் தவறாமல் அழைத்தவர் பிறகு போனை எடுப்பதில்லை. கடவுச்சொற்களைக் கொடுத்துவிட்டால் கையில் பிடிமானமாக ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் முழுத் தொகையும் வந்த பிறகு ஒப்படைப்பது என்பது அந்தத் தொழிலில் ஊறிப்போன வழக்கம். அவர் கேட்டது புதிதாக ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஒப்பந்தத்திலேயே, முழுத் தொகையும் செலுத்திய பின் வடிவமைப்பின் உரிமை நிறுவனத்துக்கு மாறும் என்று வேறொரு வரி இருந்தது. பல நாடுகளின் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் தனி ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் உருவாக்கியது, எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்கும்வரை அவருடையதுதான். 1886-ல் தொடங்கிய, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய வடிவத்தின்படி அந்த உரிமைக்குப் பதிவுகூடத் தேவையில்லை. படைப்போடு சேர்ந்தே பிறந்துவிடுகிறது. அவர் அந்த வரியைக் காட்டி வாதாடியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவர் காட்டவில்லை. அந்த வரி எனக்கும் நினைவிருந்தது, நானும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய கடமை எனக்கு இருந்ததா? பேரம் பேசுகிற இடத்தில் எதிராளியின் வாதத்தையும் நாமே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அவரை எதிராளி என்று இந்த இடத்தில் எழுதும்போதே கை தயங்குகிறது.

ஏனென்றால் வேலை நடந்த காலம் முழுவதும் அவர் எங்கள் ஆளாகத்தான் நடந்துகொண்டார். நாங்கள் பம்பும் ஜெனரேட்டரும் பழுதுபார்க்கிறவர்கள். தளத்தின் எழுத்துகள் மெல்லிய சாம்பல் நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நான் கேட்டபடியே செய்துவிட்டு, "அக்கா, போனை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்று இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார். போய் நின்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் எங்கள் தொலைபேசி எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. "ஜெனரேட்டர் நின்றுபோனவர் வெயிலில் அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் உங்கள் எண்ணைத் தேடுவார்" என்றார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று எல்லோராலும் இணையதளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக 2008-ல் வெளியான அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்வதை அப்புறம்தான் விளக்கினார். நான் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறம் 3-க்கு 1-ஐக்கூட எட்டவில்லை. அழகைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வாடிக்கையாளரைப் பற்றி யோசித்தவர் அவர்.

இதே மனிதரிடம்தான் "முதலில் கொடுங்கள்" என்றேன்.

கொடுத்தார். மாலைக்குள் தளம் எங்கள் கணக்குக்கு வந்துவிட்டது. கூடவே மின்னஞ்சலில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பை இப்போதும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைப் போல ஒழுங்கான ஒப்படைப்புக் குறிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எந்த ப்ளக்இன் எதற்கு, எதற்கு ஆண்டுச் சந்தா உண்டு, எது இலவசம். பேக்கப் எங்கே சேமிக்கப்படுகிறது, அதிலிருந்து தளத்தை மீட்பது எப்படி. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், எப்போதாவது பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் எது. தளம் சோதனையில் இருந்தபோது தேடுபொறிகள் பட்டியலிடாமல் தடுத்து வைத்திருந்த அமைப்பை நீக்கிவிட்டதாகவும் ஒரு வரி. (இதை நீக்க மறந்துபோய், மாதக்கணக்கில் கூகுளில் வராத தளங்கள் எத்தனையோ உண்டு.) கடைசியில், "எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டு என் கணக்கை நீக்கிவிடவும்" என்று இருந்தது. மின்னஞ்சல் "வணக்கம் மேடம்" என்று தொடங்கியது. அதுவரை அக்காதான்.

இப்படிப்பட்ட கோப்பை ஒரு மாலைக்குள் எழுத முடியாது. அழைப்பு வருவதற்கு முன்பே தயாராக வைத்திருந்திருக்கிறார். பணம் வந்ததும் கொடுக்கலாம் என்று வைத்திருந்ததை நான் வாங்கிக்கொண்டேன்.

வேறொன்று இதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. எங்கள் உள்ளடக்கம் வரும்வரை அவர் எவ்வளவோ காலம் காத்திருந்தார். "எங்களைப் பற்றி" பக்கத்தை என் பங்குதாரர் எழுதி முடிக்கவே ஒரு யுகம் ஆயிற்று. அந்தக் காலம் முழுவதும் ஹோஸ்டிங் அவருடைய கணக்கில், அவருடைய செலவில் இருந்தது. அவர் நினைத்திருந்தால் ஒரு சொடுக்கில் தளத்தை நிறுத்திவிட்டுப் பணம் கேட்டிருக்கலாம். நான் எதற்குப் பயந்தேனோ அந்த அதிகாரம் முதலிலிருந்தே அவரிடம் இருந்தது. அவர் அதை ஒரு தடவையும் பயன்படுத்தவில்லை, சொல்லிக்கூடக் காட்டவில்லை.

அதே வாரத்தில் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஓர் ஆண்டுச் சந்தாவை மொத்தமாக முன்கூட்டியே கட்டினேன். ஒரு மணி நேரச் சேவையைக்கூட அவர்கள் அதுவரை தந்திருக்கவில்லை. "முதலில் தளத்தை ஓட்டிக் காட்டுங்கள், பிறகு தருகிறேன்" என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் யாரிடம் சொல்வது? அங்கே இருப்பது ஒரு படிவமும் ஒரு பொத்தானும். டொமைன் பதிவு நிறுவனத்துக்கும் அப்படித்தான் கட்டினேன். ப்ளக்இன் சந்தாவும் முன்பணம்தான். முகம் தெரியாத இவர்களுக்கெல்லாம் முதலில் கொடுத்துவிட்டு, வெயிலில் போய் நிற்கச் சொன்ன மனிதரிடம் மட்டும் வரிசையை மாற்றக் கேட்டேன். அவரிடம் கேட்க முடிந்தது என்பதால் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தனியாள், போனை எடுத்தார், பதில் சொன்னார்.

என் பங்குதாரர் இதை ஒப்புக்கொள்வதில்லை. நிறுவனங்களுக்குப் பின்னால் விதிகள் இருக்கின்றன, புகார் செய்ய வழி இருக்கிறது, தனியாள் நாளைக்கு எண்ணை மாற்றிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்கிறார். சரியான கேள்விதான். முந்தைய நிறுவனத்தில் நடந்தது அதுதானே! சாவியை வாங்கிக்கொண்டு அன்றே பணம் கொடுத்தவள் யாரையும் ஏமாற்றவில்லை என்றும் சொல்கிறார். அதுவும் சரி. சில மணி நேர இடைவெளிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று எனக்கே சில சமயம் தோன்றும். ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்கு முழு நஷ்டத்தின் அபாயத்தையும் சுமந்தது அவர் ஒருவர்தான். நான் நல்லவளாக நடந்துகொண்டேன் என்பது பணம் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குத் தெரிந்த செய்தி, கொடுக்கும்போது தெரியாது.

பின்னர் தளத்தில் முன்பதிவு வசதி சேர்க்க அவரை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார். கைவசம் நிறைய வேலை இருப்பதாகச் சொல்லி வேறு ஒருவரைப் பரிந்துரைத்தார். உண்மையிலேயே வேலை இருந்திருக்கலாம். அந்த அழைப்புக்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. போடாமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் பரிந்துரைத்த பெண்ணோடு ஒப்பந்தம் போட்டபோது இந்தத் தடவை எல்லாவற்றையும் தெளிவாக எழுதினேன். ஹோஸ்டிங் முதல் நாளிலிருந்தே எங்கள் கணக்கில். "பணி முடிவது" என்றால் எவையெவை ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பட்டியல். ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை. அவர் படித்துப் பார்த்துவிட்டு, நல்லது, குழப்பம் இருக்காது என்றார். ஆனால் வேலை முடியும் தறுவாயில், பட்டியலில் பாதி வராமல் இருக்கும்போதே கடைசித் தவணையை அனுப்பிவிட்டேன். அவர் கேட்கவில்லை. மீதி வந்து சேரச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நீயே எழுதிய விதியை நீயே மீறினாயே, இனி வருகிறவர்களுக்கு எந்த முறை என்று பங்குதாரர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒப்பந்தத்திலிருந்து அந்த வரியை இன்னும் நீக்கவில்லை.