மார்பு அறுவை சிகிச்சைக்கு மருத்துவரைத் தேடியபோது

ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல வளர்வதை கைனகோமாஸ்டியா என்கிறார்கள். பதின்ம வயதில் நிறையப் பையன்களுக்கு வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே வடிந்துவிடும். எனக்கு வடியவில்லை. வேலைக்கு வந்த பிறகும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் போட்டுக்கொண்டுதான் நடமாடினேன். வெட்கத்தால் ஆண்கள் இதை வெளியில் கேட்பதில்லை. அந்த வெட்கத்தை நம்பித்தான் சிலர் கடை விரிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தில் மருத்துவரைப் பார்க்கும் முன்பே 'கவுன்சலர்' ஒருவர் உட்காரவைத்துப் பேசினார். பரிசோதனை எதுவும் இல்லை. நேராக பேக்கேஜ் விலைதான். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா ஆஃபர் இருக்கு சார்" என்றார். யார் ஆபரேஷன் செய்வார் என்று கேட்டேன். "எங்க டீம்ல எல்லாருமே சீனியர் டாக்டர்ஸ்தான்" என்றாரே தவிர, ஒரு பெயரும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் படிப்புகளைப் பற்றி விசாரித்தேன். இந்த ஆபரேஷனுக்குப் போக வேண்டியது பிளாஸ்டிக் சர்ஜனிடம். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். படித்து, அதற்கு மேல் மூன்று வருடம் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்திருப்பார். எம்.பி.பி.எஸ். முடித்து நேராகவே சேரும் நீண்ட படிப்பும் உண்டு. அழகு சிகிச்சைக்கான காஸ்மெட்டாலஜி டிப்ளமோ இதற்கு ஈடாகாது. பெயர்ப் பலகையில் இருப்பது உண்மைதானா என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். அப்படியிருக்க, நாம் கேட்பதில் தயக்கம் எதற்கு?

கடைசியில் நான் நம்பியவர் விலையைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன் என்னைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். கொழுப்பா, காம்புக்கு அடியில் சுரப்பித் திசுவா என்று பிரித்தறிய வேண்டுமாம். "தம்பி, ஜிம்முக்குப் போறீங்களா? ஊசி, பவுடர் ஏதாவது? வேற மாத்திரை?" என்று நோண்டி நோண்டிக் கேட்டார். ஸ்டீராய்டு ஊசியாலும் சில மாத்திரைகளாலும் இது வருமாம். ஹார்மோன், தைராய்டு ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்து, அவை வந்த பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை போனபோது ஆபரேஷனில் வரக்கூடிய பாதகங்களையும் அவரே சொன்னார். கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் சுரப்பி அப்படியே தங்கிவிடும். சுரப்பியை அதிகமாக எடுத்தால் காம்பு குழி விழுந்தாற்போல் உள்ளே போகும். முதல் நாளில் ரத்தக்கட்டு வரலாம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் தழும்பு இருக்கும், மங்குமே தவிர மறையாது. இதில் ஒன்றைக்கூட அந்தக் கவுன்சலர் என்னிடம் சொல்லவில்லை.

மயக்க மருந்து கொடுப்பவர் யார், கடைசிவரை கூடவே இருப்பாரா, அங்கே ஐ.சி.யூ. உண்டா, ராத்திரி வீக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பெயரோடு பதில் வந்தது. அவர் காட்டிய படங்களில் முன்னும் பின்னும் ஒரே வெளிச்சம், ஒரே தூரம், கைகளும் ஒரே நிலையில் இருந்தன. நான் வேறு இடங்களில் பார்த்த சில விளம்பரப் படங்களில் 'பின்' படத்தில் மட்டும் ஆள் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அழகுக்காக என்றால் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். எழுத்தில் விவரமாகக் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மார்பை இறுக்கிப் பிடிக்கப் போடும் அழுத்த உடை, திரும்ப வரும் ரிவ்யூக்கள், எடுத்த திசுவை பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்புவது எல்லாம் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அழுத்த உடையோடு சில வாரங்கள் வியர்வையில் தவித்தேன். இடது பக்கம் கொஞ்ச நாள் கெட்டியாக இருந்து மெல்ல இளகியது. போன மாதம் என் அண்ணன் மகனையும் அவரிடம் கூட்டிப்போனேன். அவனுக்கு பதினான்கு வயது. பார்த்துவிட்டு, இப்போது கத்தி வைக்கத் தேவையில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.