மஃப்ளரோடு ஒரு மலையேற்றம்

போடிநாயக்கனூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஏலத்தோட்டத்திலேயே நாற்பது வருடம் கழித்தவர். எங்கே அழைத்துப் போவது என்று மண்டையைக் குடைந்து, "சிங்கப்பூருக்கு முதல்ல வந்தவங்க குடியிருந்த மலைக்குப் போலாமா மாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். மறுநாள் காலை ஸ்வெட்டர், மஃப்ளர், கைத்தடி சகிதம் தயாராக நின்றார். வெளியே கொளுத்துகிற வெயில்.

அந்த மலை, அதாவது ஃபோர்ட் கேனிங் குன்று, 50 மீட்டர் உயரம்கூட இல்லை என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மின்படிக்கட்டில் ஏறினோம். கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டார், "மலை எப்ப வரும் மாப்பிள்ளை?"

"அது மேலதான் நிக்கிறோம் மாமா."

சமாளிக்க வரலாற்றை அவிழ்த்துவிட்டேன். பழைய மலாய் அரசர்கள் அடங்கிய இடம் என்று உள்ளூர்க்காரர்கள் இதில் கால் வைக்கவே பயந்தார்களாம். பெயரே புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட குன்று. 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபர்குவார், மலாக்காவிலிருந்து வந்த ஆட்களை வைத்துத்தான் இங்கே காடு வெட்டினார். அப்புறம், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் உச்சியில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். மரச்சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை.

"நம்ம தோட்டத்துக் காவக்குடிசையும் அதேதான்" என்றார் மாமா. ராஃபிள்ஸ் விஷயம் அத்தோடு முடிந்தது. 1984இல் இங்கே தோண்டி 14ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளை எடுத்தார்கள் என்றேன். கொட்டாவி விட்டார்.

மனிதர் உயிர்பெற்றது நறுமணப் பயிர்த் தோட்டத்தில்தான். 1822இல் ராஃபிள்ஸ் இந்தக் குன்றில் ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்ததன் நினைவாக வைத்திருக்கிறார்கள். ஜாதிக்காய் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். இலையை முகர்ந்தார். இந்த ஊரில் செடியைத் தொட்டாலே, அபராதம் விழுமோ என்று எனக்குப் பகீரென்றிருக்கும். கவனத்தைத் திருப்ப, இன்று கடைவீதியாக இருக்கிற ஆர்ச்சர்ட் ரோடே ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்ததையும், 1850களின் கடைசியில் நோய் விழுந்து எல்லாம் பட்டுப்போனதையும் சொன்னேன்.

மாமா முகம் சுருங்கிவிட்டது. "அத்தனை மரமுமா? வேர்ல விழுந்துச்சா, இலையிலயா? மருந்து அடிச்சாங்களா?"

நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய நட்டத்துக்கு நான் பொறுப்பாளி போல முழித்தேன். இறங்கும் வழியெல்லாம் "பாவம், வட்டிக்கு வாங்கி நட்டிருப்பான்" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். ஏசி நேராகத் தலையில் இறங்கியது. மாமா பையிலிருந்து மஃப்ளரை எடுத்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இப்பதான் மாப்பிள்ளை மலை வந்திருக்கு."