எடைத்தராசும் எருக்குவியலும்: நீடித்த உணவு முறையைக் கற்றுக்கொண்ட விதம்

சூழலியல் பாடத்தில் நீடித்த உணவு முறை, அதாவது இயற்கையைக் கெடுக்காமல் விளைவித்து வீணாக்காமல் உண்ணும் முறை, எங்களுக்கு ஓர் அலகாக மட்டுமே இருந்தது. உற்பத்தி, பகிர்வு, நுகர்வு, கழிவு என்று நான்கு தலைப்புகளைப் படித்தால் தேர்வுக்குப் போதும். ஆனால் உணவு எந்த இடத்தில், யாருடைய எந்த முடிவால் வீணாகிறது என்ற கேள்விக்கு அந்தத் தலைப்புகளில் விடை இல்லை. அதைத் தேடித்தான், ஆசிரியரின் ஒப்புதலோடு, ஒரு பருவம் முழுவதும் வார இறுதிகளில் ஓர் இயற்கை விவசாயப் பண்ணையிலும் மற்ற நாள்களில் மாணவர் விடுதியின் சமையற்கூடத்திலும் வேலை பார்த்தேன். இதே வழியில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

பண்ணையில் சேர்வது எளிதாக இருந்தது. எந்த வேலையானாலும் செய்கிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். சமையற்கூடத்தில்தான் பொறுமை தேவைப்பட்டது. கழிவை எடை போட ஒருவர் வந்து நின்றால், குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்று சமையல் செய்பவர்கள் எண்ணுவது இயல்பு. ஆகவே தராசை எடுப்பதற்கு முன்பு காய் நறுக்கவும் பாத்திரம் அடுக்கவும் உதவினேன். அவர்களுடைய வேலையின் வேகமும் நெருக்கடியும் புரிந்த பிறகே மூன்று தொட்டிகளை வைத்தோம்: ஒன்று நறுக்கும்போது கழியும் தோலுக்கும் காம்புக்கும், ஒன்று பரிமாறாமல் பாத்திரத்தில் மிஞ்சுவதற்கு, ஒன்று தட்டில் மிஞ்சுவதற்கு.

இந்தப் பிரிவினைதான் எல்லாவற்றையும் வெளிக்கொண்டு வந்தது. மாணவர்கள் தட்டில் மிச்சம் வைப்பதுதான் பெரிய வீணடிப்பு என்பது விடுதியில் எல்லோருடைய நம்பிக்கை. உணவைத் தூக்கி எறியாதீர்கள் என்ற அறிவிப்புப் பலகைகளும் அதை நம்பியே வைக்கப்பட்டிருந்தன. ஆனால் பாத்திரத்தில் மிஞ்சியதற்கான தொட்டியே பெரும்பாலும் கனத்தது. பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்குச் சமைக்கிறார்கள். உண்ண வருபவர்களோ அதைவிடக் குறைவு. தலைமைச் சமையல்காரருக்கு இது முன்பே தெரியும். எத்தனை பேர் வருவார்கள் என்று அவரிடம் சொல்லத்தான் யாரும் இல்லை. முதல் நாள் இரவே வருகையைக் குறித்துவைக்கும் ஒரு தாளைத் தொங்கவிட்டதும் மிச்சம் கண்கூடாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளிலும், 28 விழுக்காடு உணவகம், விடுதி போன்ற உணவு வழங்கும் இடங்களிலும் நேர்ந்தது. அந்த 28 விழுக்காட்டை இப்போது படிக்கும்போது, யாரும் கேட்காத ஒரு வருகைக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது.

காய்கறித் தோலைப் பண்ணைக்குக் கொண்டுசென்று மட்கவைத்தோம். நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் கிடைத்தால் மட்குதல் சீராக நடக்கும் என்பது பாடம். பண்ணையில் அதைக் கையாலும் மூக்காலும் கணிக்கிறார்கள். நைட்ரஜன் மிகுந்த ஈரக் கழிவு கூடிவிட்டால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். காற்று போகாவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் எழும். முதல் குறைக்குக் கார்பன் மிகுந்த காய்ந்த சருகைச் சேர்க்க வேண்டும், அடுத்ததற்குக் குவியலைக் கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடியை அள்ளி இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் மூத்த பெண்மணி காட்டிக்கொடுத்தார். நன்றாகச் சூடேறிய குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. கிளறும்போது ஆவி பறக்கிறது. இதே கழிவு குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

என்னை மிகவும் பாதித்தது ஒரு பயறுச் செடியின் வேர். மண்ணை உதறிவிட்டுப் பார்த்தால் வேரெங்கும் சிறு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. அந்த நிறம் இருந்தால் உள்ளே வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இதே வேலையைத் தொழிற்சாலையில் செய்ய 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் அதைச் செய்துகாட்டினார். கார்ல் போஷின் முயற்சியால் 1913-இல் அது ஆலை உற்பத்தியாயிற்று. இப்படி ஆலையில் உருவாகும் நைட்ரஜன் உரம் கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறிட்டிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிர்ச்சுழற்சியில் ஒரு முறை பயறு விதைப்பதை ஏன் விவசாயி கைவிடக் கூடாது என்பதை அந்த முடிச்சைவிடத் தெளிவாக எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை.

பாடப்புத்தகம் ஓரிரு வரியில் கடந்துவிடும் இன்னொன்று உழைப்பு. களைக்கொல்லி இல்லையென்றால் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். குனிந்தே ஒரு பாத்தியை முடித்த பிறகு, இப்படி விளைந்ததற்குக் கூடுதல் விலை ஏன் என்று கேட்க மனம் வராது. நீடித்த உணவு முறை பற்றிய எந்தப் பேச்சும் அந்தக் கூலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் இறங்க விரும்புபவர்கள் குறைந்தது ஒரு பருவமாவது ஒரே இடத்தில் இருங்கள். விதைப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும். எடையை அன்றன்றே எழுதிவையுங்கள், கூடவே அன்றைய உணவு எது, விடுமுறைக்கு முந்தைய நாளா என்பதையும் குறியுங்கள். சமைத்து மிஞ்சுவதை என்ன செய்வது என்பது எங்களுக்கு இன்னும் தீராத சிக்கல்: எண்ணெயும் உப்பும் கலந்திருப்பதால் பண்ணை அதை ஏற்பதில்லை. அடுத்த பருவத்தில் அதை மூடிய கலத்தில் எரிவாயுவாக்கும் ஒரு சிறு உயிரி எரிவாயுக் கலனை விடுதியில் அமைக்க முடியுமா என்று சமையற்கூடத்தாரோடு சேர்ந்து திட்டமிட்டு வருகிறோம்.