அம்மாவின் எரிகாயமும் ஈரல் ரிப்போர்ட்டும்

கொட்டாஞ்சேனை வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவின் மேல் தாச்சியோடு எண்ணெய் கொட்டுப்பட்டது. வலது கை முழுக்க, வலது காலில் தொடையிலிருந்து கீழே முன்பக்கம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு நனைத்துவிட்டுத்தான் ஓட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் உடம்புத் தோல் முழுவதையும் நூறாக வைத்து, ஒரு கை 9 சதவீதம், காலின் முன்பக்கம் 9 என்று கூட்டி, 18 என்று எழுதி உடனே சேலைன் ஏற்றத் தொடங்கினார்கள்.

நான் எழுத வந்தது நாலாம் நாள் வந்த ரத்த ரிப்போர்ட்டைப் பற்றி. ஈரலைப் பார்க்க ரத்தத்தில் அளக்கும் இரண்டு நொதிகள்: ஏ.எஸ்.ரி 148, ஏ.எல்.ரி 92. இரண்டுமே 40க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. சுட்டது தோலை, ஈரலுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. தங்கச்சி வாட்டுக்கு வெளியே நின்று அழுதாள்.

பொறுப்பான டொக்டர் மாலை ரவுண்டில் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வீட்டிலிருந்து ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா?" இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் முந்தின இரவு அம்மா வலியில் முனகியபோது என் பையிலிருந்து இரண்டு பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்திருந்தேன். வாட்டில் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதே மருந்து 1 கிராம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, அதாவது ஒரு நாளைக்கு 4 கிராம், பெரியவர் ஒருவருக்கு அதுவே உச்ச அளவு. நான் கொடுத்ததோடு 5. அளவு மிஞ்சினால் ஈரலைத் தாக்கும் மருந்து அது. பெரியம்மா வேறு ஈரலுக்கு நல்லது என்று கீழாநெல்லிச் சாறு ஒரு போத்தலில் கொண்டுவந்து இரண்டு தரம் பருக்கியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை, சீட்டில் குறித்துக்கொண்டு, இனி நேர்ஸ் கையால் வருவது மட்டும்தான் என்றார். பனடோலின் அளவையும் குறைத்தார்.

அப்புறம் கட்டிலோரம் நின்றே விளக்கினார். பெரிய எரிகாயம் என்றால் உடம்பு முழுக்க அழற்சி பரவும், முதல் மணித்தியாலங்களில் ஈரலுக்குப் போகும் ரத்தமும் குறையும், அதனால் இந்த நொதிகள் ஏறலாம். ஏ.எஸ்.ரி ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது, ஆழமாகச் சுட்ட இடத்திலிருந்தும் ரத்தத்தில் கலக்கும். ஏ.எல்.ரிதான் கூடுதலாக ஈரலைக் காட்டும். ஈரல் வேலை செய்கிறதா என்று அறிய ஈரல் வெளியேற்றும் மஞ்சள் பொருளான பிலிருபினையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆரையும் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு அவை இரண்டும் சரியாக இருந்தன. அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அன்றே ஒரு சீஆர் கொப்பி வாங்கி திகதி, எண், அன்று மாறிய மருந்து என்று மூன்று கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். ஆறாம் நாள் ஏ.எஸ்.ரி 70, ஏ.எல்.ரி 104. ஒன்று இறங்க மற்றது ஏறியதைப் பார்த்துத் திரும்பவும் பயந்தேன். ஏ.எஸ்.ரியின் பாதி சுமார் 17 மணித்தியாலத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும், ஏ.எல்.ரிக்கு 47 அளவில் ஆகும், இரண்டு மூன்று நாள் பொறுங்கள் என்றார் டொக்டர். ஒன்பதாம் நாள் 41, 75. அந்தப் பக்கத்தைத் தங்கச்சிக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

இதற்கிடையில் ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் புரதமான அல்புமின் 24க்கு இறங்கி, காயமில்லாத இடது பாதமும் வீங்கிக் கிடந்தது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும். அல்புமினைச் செய்வது ஈரல்தான், ஆனால் எரிகாயத்தில் அது ரத்தக் குழாயிலிருந்து கசிந்துவிடும், ஈரலும் அந்த நேரத்தில் அழற்சிக்கான வேறு புரதங்களைச் செய்யப் போய்விடுகிறதாம். ஆகவே சாப்பாட்டில் விடாப்பிடியாக நின்றோம்: காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன், பின்னேரம் பால். அம்மாவுக்கு மீன் வாசமே பிடிக்காமல் போயிருந்தது, ஒவ்வொரு வாயாக ஊட்டி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆகும். அந்த முக்கால் மணித்தியாலத்தை மருந்தாகவே நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் தோல் ஒட்டினார்கள், இடது தொடையிலிருந்து எடுத்தது. அது பிடித்துக்கொண்டது.

யாருக்காவது இப்படி நேர்ந்தால், கேட்கிற டொக்டரிடம் கீழாநெல்லி, கஷாயம், பையில் இருக்கிற பனடோல் உட்பட ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நான் அன்று மறைத்திருந்தால் எதனால் ஏறுகிறது என்று அவர்கள் வேறெங்கோ தேடியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஆறாம் கிழமை கிளினிக்கில் ஏ.எல்.ரி 33. அம்மா கொப்பியை வாங்கி அந்த எண்ணைத் தானே, வலது கையால், கொஞ்சம் கோணலாக எழுதினார்.