பிக்கப்புக்கு அலாய் போடும் முன்: அகலம் மட்டும் போதாது, ஆஃப்செட் கேளுங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ரிம் கடைகளில் ஒரு டொயோட்டா ஹைலக்ஸையோ இசுசு வி-கிராஸையோ கொண்டுபோய் நிறுத்தினால் முதல் கேள்வி "பதினேழா, பதினெட்டா சார்?" என்பதுதான். ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்தது கறுப்பா, கன்மெட்டலா. ஆஃப்செட் பேச்சே வராது. பிறகு மட்கார்டில் டயர் உரசும், பள்ளத்தில் ஸ்டீரிங் கையைப் பிடுங்கும், மழையில் கதவு முழுக்கச் சேறு அப்பும். மூன்றுக்கும் காரணம் யாரும் கேட்காமல் விட்ட அந்த எண்தான்.

ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சு முனையில், போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ். சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கி நிற்கும். உள்பக்கம் தள்ளியிருந்தால் மைனஸ். சக்கரம் வெளியே பிதுங்கும். ரிம்மின் பின்பக்கத்திலோ ஆரக்காலிலோ 'ஈடி' என்ற எழுத்தோடு இந்த எண் வார்க்கப்பட்டிருக்கும். கம்பெனி ரிம் பொதுவாக ஹைலக்ஸில் 7.5 அங்குலம், ஈடி 30. வி-கிராஸிலும் முப்பதை ஒட்டித்தான். இருந்தாலும் நெட்டில் பார்த்ததை நம்பி ஆர்டர் போடாதீர்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்.

அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கூடும் அகலத்தில் பாதி வெளியே போகும், பாதி உள்ளே போகும். ஆஃப்செட் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் வெளியே தள்ளும். 7.5 ஈடி 30-ஐ எடுத்துவிட்டு 9 ஈடி 0 போட்டால்: அகலம் கூடுவது 38 மி.மீ., பாதி 19. ஆஃப்செட் குறைவது 30. வெளிவிளிம்பு 49 மி.மீ. தள்ளிப்போகும், உள்பக்கம் 11 மி.மீ. இடம் கூடும். பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் என்பது விளையாட்டல்ல. அதுவே 8 ஈடி 20 என்றால் வெளியே 16, உள்ளே 4 மி.மீ. இடம் மிச்சம். 8.5 ஈடி 30 போட்டால் இரண்டு பக்கமும் 13 மி.மீ. கூடும். பார்க்கச் சாதுவான கணக்கு, ஆனால் அந்த உள்பக்க 13-தான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கையான மேல் கண்ட்ரோல் ஆர்ம் பக்கம் போய் முட்டும்.

சென்னையில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 8 அங்குலம், ஈடி 20 என்பதைத்தான் சொல்வேன். மட்கார்டு மட்டத்துக்குச் சக்கரம் வந்துவிடும், மற்றது எதுவும் கெடாது. 265/65 ஆர்17 டயரும் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்) அதில் சரியாக உட்காரும். ஈடி 0, மைனஸ் 12 எல்லாம் நிறுத்திவைத்துப் போட்டோ எடுக்க நன்றாக இருக்கும், தினமும் ஓட்ட உதவாது.

ஏன் என்றால், முன்சக்கரம் திரும்புகிற அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடம் டயரின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்படி கம்பெனி வைத்திருக்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள அந்த இடைவெளி நெம்புகோல் மாதிரி நீளும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி தோண்டிவைத்த பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் விழுந்தால் ஸ்டீரிங் வெட்டி இழுக்கும். சாலையில் லாரிகள் போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி தானே அலையும். பேரிங் மேல் வரும் சுமையும் வெளியே நகர்வதால் அது சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். இன்னொன்று, நேராக நிற்கும்போது உரசாத டயர் ஸ்டீரிங்கை ஒடித்தால் உரசும். சக்கரம் அச்சிலிருந்து தள்ளிப்போனதால் பெரிய வட்டம் அடிக்கிறது. முன்முனை பம்பர் ஓரத்தையும், பின்முனை கேபினைச் சேஸிஸோடு பிணைக்கும் கேபின் மவுண்டையும் தேடிப்போகும். 265/70 ஆர்17 மாதிரி உயரமான டயர் என்றால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதன் விட்டம் 803 மி.மீ., 265/65-க்கு 776 தான்.

பணம் கட்டும் முன் சோதித்துவிடலாம். ஒரே ஒரு ரிம்மில் டயரை ஏற்றி முன்னால் மாட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை விரல் தடிமனுக்கு உருட்டி, மட்கார்டு உள் லைனரின் முன்ஓரம், கேபின் மவுண்ட், மேல் கண்ட்ரோல் ஆர்ம் மூன்றிலும் ஒட்டுங்கள். ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள். பிறகு ஒடித்தபடியே அந்தச் சக்கரத்தை ஒரு உயரமான மேட்டில் மெதுவாக ஏற்றி ஸ்பிரிங்கை அமுக்குங்கள். களிமண்ணில் டயரின் பட்டன் அச்சு விழுந்திருந்தால் அந்த ரிம் வேண்டாம். "லைனரை ஹீட் கன்னால தள்ளிடலாம் சார்" என்பார்கள். லைனரைத் தள்ளலாம், கேபின் மவுண்டைத் தள்ள முடியாது. பின்சக்கரத்துக்குக் காலி வண்டியில் பார்ப்பது வீண்; தொட்டியில் மணல் மூட்டை ஏற்றிப் பாருங்கள், பட்டை ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே கை நுழைய வேண்டும்.

ஆறு போல்ட், 139.7 பிசிடி (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், மி.மீ.) என்பது இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். அதை வைத்து "ஃபார்ச்சூனர் அலாய் வி-கிராஸுக்கு அப்படியே உட்காரும்" என்று சொன்னால் நடு ஓட்டையை அளந்து பாருங்கள். டொயோட்டா ரிம்மில் 106.1 மி.மீ., இசுசு ஹப் 100-ஐ ஒட்டி. இடைவெளிக்குச் சரியான ஹப் ரிங் போடாவிட்டால் ரிம் மையம் தப்பி உட்கார்ந்து வேகத்தில் ஸ்டீரிங் ஆடும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது. நட்டும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும். வாஷரோடு வரும் தட்டை நட்டைக் கூம்புக் குழி ரிம்மில் முறுக்கினால் சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது மரையில் ஏற வேண்டும்.

பிக்கப் பாரம் சுமக்கும் வண்டி. ரிம்மின் பின்னால் உள்ள அதிகபட்சச் சுமை, பின் ஆக்ஸிலுக்குக் கம்பெனி சொன்ன எடையில் பாதிக்குக் குறையக்கூடாது. கிலோவா பவுண்டா என்று பாருங்கள். 2500 பவுண்டு என்றால் 1134 கிலோதான். 'ஜேடபிள்யூஎல்-டி' முத்திரை சரக்கு வண்டிக்கான ஜப்பானியத் தரம். வெறும் 'ஜேடபிள்யூஎல்' கார்களுக்கானது.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போடுவதும் ஆஃப்செட்டைக் குறைப்பதும் ஒன்றே. 25 மி.மீ. ஸ்பேசர் ஈடி 30-ஐ ஈடி 5 ஆக்கிவிடும். கூடவே இறுக்க வேண்டிய நட் இரண்டு அடுக்காகிவிடும். அந்தக் காசை ரிம்மில் போடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் போலீஸ் கண்ணில் முதலில் படும்.

மாட்டும்போது ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். ஈசிஆர் கடற்கரைச் சாலை பக்கத்து உப்புக்காற்றில் அலாய் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். நட் ஏறும் ஸ்டட்டில் கிரீஸ் வேண்டாம். ஏர் கன்னால் முடித்துவிட விடாமல், எதிரெதிர் நட்டாகக் கையால் ஏற்றி, வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை.