கொன்வீன்: கூடுவதா, கூட்டுவதா?

மட்டக்களப்பில் எங்கள் ஆரையம்பதிப் பக்கம் கூட்டம் இல்லாத கிழமை கிடையாது. மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம். வைகாசி நெருங்கினால் கண்ணகை அம்மன் சடங்குக்கான கோயில் கூட்டம் வேறு. கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஆளுக்கு இங்கிலீசில் கடிதம் எழுத வரும் என்று தெரிந்துவிட்டால் சரி, அறிவித்தல் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். திருப்பணிக்குக் காசு அனுப்புகிறவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. ஆகவே ஆங்கிலத்திலும் ஒரு பிரதி போக வேண்டும்.

மருமகன் எழுதிக்கொண்டு வந்த வரைவில் எல்லா இடத்திலும் 'கோல் எ மீட்டிங்' (call a meeting). பிழை இல்லை. ஆனால் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் கையொப்பம் வைக்கிற கடிதத்துக்கு அது கொஞ்சம் வாய்ப்பேச்சுப் போல இருக்கிறது. 'கொன்வீன்' (convene) என்று போடச் சொன்னேன்.

"மாமா, அது கூடுறதா, கூட்டுறதா?"

நல்ல கேள்வி. இரண்டும்தான். நாம் கூடு, கூட்டு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கும். 'த கமிட்டி கொன்வீன்ட் அட் ஃபோர்' என்றால் குழு நாலு மணிக்குக் கூடியது. 'த பிரசிடன்ட் கொன்வீன்ட் த கமிட்டி' என்றால் தலைவர் குழுவைக் கூட்டினார். வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

சொல் லத்தீனில் இருந்து வந்தது. 'கொன்' சேர்ந்து, 'வெனீரே' வருதல். கன்னியர் மடத்துக்கு நம்மவர்கள் சொல்லும் கொன்வென்டும் மாநாட்டைக் குறிக்கும் கொன்வென்ஷனும் இதே வேரில் பிறந்தவை. சேர்ந்து வருதல் உள்ளேயே இருப்பதால், பின்னால் 'டுகெதர்' ஒட்டுவது வீண். பலர் ஒட்டுகிறார்கள்.

ஆனால் ஆட்கள் கூடுகிற எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடச் சனம் கூடுகிறதே, அதற்கு 'கேதர்' (gather) தான். கலியாண வீட்டுக்கும் அப்படியே. கொன்வீன் என்றால் ஒரு சபை அல்லது குழு, ஒரு அலுவல், முறையான அழைப்பு என்று கொஞ்சம் உத்தியோகத்தனம் வேண்டும்.

அப்புறம் 'சமன்' (summon) என்று ஒன்று. நமது இலங்கை அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கூட்டுவதற்கு அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது. நீதிமன்ற அழைப்பாணைக்கும் அதே சொல். கட்டளை வாடை அடிக்கும். கோயில் கூட்டத்துக்கு அதைப் போட்டால் ஒரு குடியும் வராது, வந்தாலும் சண்டைக்குத்தான் வரும்.

கோரம் (quorum), அதாவது கூட்டம் நடத்த வேண்டிய ஆள் தொகை, காணாமல் கூட்டம் ஒத்திப்போனால் 'அட்ஜோர்ன்', திரும்பக் கூடினால் 'ரீகொன்வீன்'. இந்த இரண்டாவது சொல் எங்கள் அறிக்கைப் புத்தகத்துக்கு அடிக்கடி தேவைப்படும்.

கூட்டுநரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஈஆரா (convener), ஓஆரா (convenor) என்றும் கேட்டான். இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதே என்று மட்டும் சொன்னேன்.