கயிற்றை அவிழ்ப்பதற்கு முந்தைய கால் மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மதுரை அருகே கீழக்குயில்குடிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கண்மாய்க் கரையில் நாங்கள் ஆறேழு பேர் எங்கள் நாய்களோடு கூடுகிறோம். சமணர் மலையின் அடிவாரத்துக்கோ தாமரைக் குளத்துக்கோ அய்யனார் கோயில் பக்கமோ நாய்களை அழைத்துச் செல்வதில்லை. அவை மக்கள் கும்பிட வரும் இடங்கள், மலையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. தண்ணீர் வற்றிய கண்மாயின் திறந்தவெளியே எங்களுக்குப் போதும். என்னிடம் இருப்பது செவலை என்ற சிப்பிப்பாறை. மற்றவர்களிடம் ஒரு ராஜபாளையமும், ஒரு லாப்ரடாரும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்கள் மூன்றும் உள்ளன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில், வந்து சேர்ந்த உடனேயே எல்லாரும் ஒரே நேரத்தில் நாய்களை அவிழ்த்துவிட்டோம். ஆறும் ஒன்றையொன்று சுற்றிக் குரைத்து, துள்ளி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடியதைப் பார்க்க எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்த வேகத்தில், மறுகரையில் இறங்கிய ஒரு வெள்ளாட்டு மந்தையைச் செவலை கண்டான். நான் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டும் அவன் காதில் எதுவும் விழவில்லை. அவன் பின்னால் மற்ற ஐந்தும் ஓடின. கடி எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஆட்டுக்காரப் பெரியவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “ஒன் நாய்க்கு இது வெளயாட்டுப்பா. என் ஆடு ரெண்டு சினையா இருக்கு. கடிக்கணும்னு இல்ல, இப்பிடி வெரட்டுனாலே குட்டி தங்காது.” அவர் சொன்னது முழு உண்மை. அடுத்த மூன்று வாரங்களும் அந்த ஆடுகளை விசாரிப்பதற்காகவே நான் அங்கே போனேன். இரண்டும் நல்லபடியாகக் குட்டி போட்டன என்று அறிந்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்றவை முயலையும் பன்றியையும் விரட்டிப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அதிலும் சிப்பிப்பாறை கண்ணை நம்பி ஓடும் நாய். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், கால் முந்திவிடும். ஏற்கெனவே பரபரப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் நாயிடம் அந்த அசைவு போய்ச் சேர்ந்தால், எவ்வளவு பழக்கிய நாயாக இருந்தாலும் நம் குரல் எடுபடாது. ஆகவே தவறு நாய் ஓடிய இடத்தில் நடக்கவில்லை, கொதிக்கும் நாயை நாங்கள் அவிழ்த்துவிட்ட இடத்தில்தான் நடந்தது என்பதை நான் புரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆயின.

இப்போது முதல் கால் மணி நேரம் எந்த நாயையும் அவிழ்ப்பதில்லை. நேருக்கு நேர் சந்திக்க விடாமல், பத்தடி இடைவெளியில், எல்லாரும் ஒரே திசையில் நடக்கிறோம். கயிறு இறுகிய நிலையில் இரண்டு நாய்கள் முகத்தோடு முகம் பார்த்தால் நட்பான நாய்களுக்கும் உறுமல் வந்துவிடும். பக்கம் பக்கமாக நடந்தால் சிறிது நேரத்தில் மூக்கு தரையில் இறங்கிவிடும். நாய் மோப்பம் பிடிக்கும்போது அவசரப்படுத்தி இழுப்பது பெரிய பிழை. ஒரு புதரை இரண்டு நிமிடம் முகர்ந்த நாய் அமைதியடைவதைக் கண்ணால் பார்க்கலாம். பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தால் அது தயார். கயிற்றின் நுனியில் முனகிக்கொண்டே இழுத்தால் அன்று அதற்கு நீளக் கயிறுதான்.

பத்து மீட்டர்க் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது. முழு வேகத்தில் ஓடும் நாய்க்குக் கயிறு முடியும் இடத்தில் விழும் திடீர் இழுப்பு, கழுத்தையும் மூச்சுக் குழலையும் காயப்படுத்தும்; மார்பைச் சுற்றிய ஹார்னெஸில் மாட்ட வேண்டும். நைலான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது; நாய் பாய்ந்தால் விரல் அறுபடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அவிழ்ப்பது இரண்டிரண்டாக, அமைதியான நாய்களிலிருந்து தொடங்கி. முதல் இரண்டு நிமிடப் பாய்ச்சல்தான் மிக மோசமானது. அது அடங்கிய பிறகே செவலையின் முறை வரும். நாங்கள் வட்டமாக நின்று பேசுவதையும் நிறுத்திவிட்டோம். மனிதர்கள் ஓரிடத்தில் நின்றால் நாய்களும் அங்கேயே குவிந்து உரசிக்கொள்கின்றன. நாம் நடந்துகொண்டே இருந்தால், நாம் எங்கே போகிறோம் என்று அவை கவனித்தாக வேண்டியிருக்கிறது.

கூப்பிட்டால் வருவது பற்றி நான் கற்றதில் முக்கியமானது ஒன்று. முன்பெல்லாம் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டுமே அவனைக் கூப்பிட்டேன். ஆகவே என் குரல் அவனுக்கு விளையாட்டு முடிந்தது என்ற அறிவிப்பாகவே ஆகிவிட்டிருந்தது. நாள் முழுக்கச் சொல்லித் தேய்ந்துபோன “வா” என்ற சொல்லை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினேன். வீட்டுக்குள், பிறகு மொட்டை மாடியில், பிறகு நீளக் கயிற்றோடு வெளியில் என்று நான்கு மாதம் பழக்கினேன். விசில் கேட்டு வந்தால் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு, பட்டையை ஒரு நொடி பிடித்தல், உடனே மறுபடியும் விடுதல். ஒரு நடையில் ஐந்து முறை இப்படிக் கூப்பிட்டு விட்டால், ஆறாம் முறை கயிறு மாட்டும்போது அவனுக்கு வருத்தம் இருப்பதில்லை. தாமதமாக வந்தாலும் திட்டுவதில்லை; திட்டினால் அடுத்த முறை இன்னும் தாமதமாகும். வராவிட்டால் துரத்துவதும் இல்லை. எதிர்த்திசையில் நான் ஓடினால் அவன் என்னைத் துரத்தி வருகிறான்.

விளையாட்டையும் படிக்க வேண்டும். முன்னங்காலை மடக்கிக் குனிவதும், துரத்தியது துரத்தப்படுவதாக மாறுவதும், நடுவே நின்று மூச்சு வாங்குவதும் நல்ல அறிகுறிகள். ஒரே நாயை மற்றவை விடாமல் துரத்த, அதன் வால் கால்களுக்கிடையே போய்விட்டால் அந்த நொடியே எல்லாரும் கூப்பிட்டுவிடுவோம். கயிற்றில் வரும் அறிமுகமில்லாத நாயைக் கண்டாலும் அப்படியே. “எங்க நாய் ஒண்ணும் செய்யாது” என்று தூரத்திலிருந்து கத்துவதால் பயந்த நாய்க்கும் அதைப் பிடித்திருப்பவருக்கும் ஒரு பயனும் இல்லை. சட்டமும் நம் பக்கம் இல்லை: வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் குற்றம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவில் சேர முதல் நிபந்தனை. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் திரும்பிவிடுகிறோம். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் நிறைந்த இடம் என்பதால், தண்ணீர் கொடுத்த கையோடு ஒவ்வொரு பாதத்தையும் விரித்துப் பார்க்கிறோம்.

பெரியவரின் மந்தை இப்போதும் அந்தக் கண்மாய்க்கு வருகிறது. கழுத்து மணிச் சத்தம் கேட்டதுமே ஆறு நாய்களும் கயிற்றுக்கு வந்துவிடும். செவலை என் காலடியில் உட்கார்ந்து, உடல் நடுங்க, கண்ணை எடுக்காமல் ஆடுகளைப் பார்ப்பான். நான் ஒவ்வொரு துண்டாக ஈரலைக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். ஆனால் மயில்கள் மேய இறங்கியிருக்கும் காலைகளில் அவனை அவிழ்ப்பதே இல்லை. அவை அவனை எவ்வளவு ஈர்க்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு முழு நடையும் நீளக் கயிற்றில்தான்.